இடிப்பதற்கு முன் ஒரு கோடை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய வரைபடமும் புகைப்படங்களும் வந்து சேர்ந்தன. திருச்சி கன்டோன்மென்ட் பங்களா உன் பெயருக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதை விற்காமல் அங்கேயே குடியேறப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னபோது சந்தோஷம் இன்னும் கூடியது. பழைய வீட்டை நவீன வசதியோடும் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமலும் மாற்ற வேண்டும், வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். கட்டட வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படி.

கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். மெட்ராஸ் டெரஸ் கூரையை இறக்கிவிட்டு கான்கிரீட் போடுவது, சுவர்களைச் சுரண்டி சிமென்ட் பூசுவது, சிவப்புத் தரைக்கு மேல் விட்ரிஃபைட் டைல்ஸ், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், ஐந்து அறைக்கும் ஏசி, கடைசியாக மொட்டை மாடி முழுக்க சோலார். இந்தப் பட்டியலில் முதல் நான்கு வேலையும் வீட்டைச் சூடாக்கும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ஐந்தாவது வேலையும், அதற்கு மின்சாரம் கொடுக்க ஆறாவது வேலையும் தேவைப்படுகின்றன. மின்சாரமே இல்லாமல் திருச்சி வெயிலைச் சமாளிக்கக் கட்டிய வீடு அது. அதற்குத் தெரிந்த வித்தைகளை அழித்துவிட்டு, அதே பலனைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கச் சொல்கிறார்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வீடு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை முதலில் புரிந்துகொள். அது தடைபட்டிருக்கும் இடங்களைச் சரி செய். அதற்கு உண்மையிலேயே இல்லாததை மட்டும் சேர்.

முதலில் இடிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு அங்குலச் சுவர், பதினான்கு அடி உயரம், இரண்டாயிரம் சதுர அடி. இடித்தால் நூற்றுக்கணக்கான டன் இடிபாடு விழும். அதில் கொஞ்சம் செங்கலும் மரமும் விலை போகும். மிச்சம் லாரியில் ஏறி ஏதாவது ஒரு ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ போய்ச் சேரும். அந்தச் செங்கலைச் சுடவும், அந்தச் சுண்ணாம்பை எரிக்கவும், அந்தத் தேக்கைக் கொண்டுவரவும் செலவான எரிபொருள் என்றோ செலவாகிவிட்டது. வீடு நிற்கும்வரை அந்தச் செலவுக்குப் பலன் உண்டு. இடித்தால் அதே செலவை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஏற்கெனவே எழும்பி நிற்கும் கட்டடத்தைவிடப் பசுமையான கட்டடம் கிடையாது என்று அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கார்ல் எலிஃபான்டே சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

புதிய கான்கிரீட்டுக்கு சிமென்ட் வேண்டும். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்துத்தான் சிமென்ட் செய்கிறார்கள். எரிக்கும் நிலக்கரியிலிருந்து வரும் கரியமில வாயு ஒரு பங்கு. கல்லுக்குள்ளேயே இருந்து வெளியேறுவது இன்னொரு பெரும் பங்கு. உலகம் முழுதும் மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்டிலிருந்து மட்டும் வருகிறது. மணலைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வளர்ந்தவள் நீ. ஆற்றின் மடி எப்படிச் சுரண்டப்பட்டது என்பதைப் பாலத்தில் போகும்போதெல்லாம் பார்த்திருப்பாய். சுவரையும் கூரையையும் காப்பாற்றுவதுதான் நீ சுற்றுச்சூழலுக்குச் செய்யப்போகும் ஆகப் பெரிய காரியம். அதற்குப் பிறகு வாங்கும் எந்தக் கருவியும் அந்த அளவுக்கு ஈடாகாது.

எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. அஸ்திவாரம் இறங்கிய வீடு, கூரை முதல் தரை வரை வெடிப்பு ஓடி அது நாளுக்கு நாள் அகலும் வீடு ஆபத்தானவை. உன் வீட்டுக் கிழக்கு அறையில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு போகிறது. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் காரை வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வை. சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். உடையாமல் இருந்தால் அது பழைய காயம், ஆறிவிட்டது. எப்படி இருந்தாலும், பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்து பழகிய ஒரு கட்டமைப்புப் பொறியாளரை ஒருமுறை கூட்டி வந்து காட்டு. அந்தக் கட்டணத்தில் சிக்கனம் பார்க்காதே.

அடுத்தது, எந்த வேலையையும் தொடங்கும் முன் ஒரு கோடையை அந்த வீட்டில் கழி. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள்தானே, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சித்திரையில் வந்துவிடு. மலிவான வெப்பமானி இரண்டு வாங்கி, ஒன்றைக் கூடத்திலும் இன்னொன்றைப் பின்னால் பிறகு கட்டிய கான்கிரீட் அறையிலும் மாட்டு. மதியம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குறித்து வை. பகலில் இரண்டும் எப்படி ஏறுகின்றன, ராத்திரியில் எது இறங்க மறுக்கிறது என்பதை உன் கையெழுத்திலேயே பார்ப்பாய். நான்கைந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி நம் தலைமேல் இறக்குகிறது. ஒரு அடி கனத்துக்கு அருகில் இருக்கும் மெட்ராஸ் டெரஸில் சூடு உள்ளே வரவே நேரம் பிடிக்கும். அது வந்து சேருவதற்குள் வெளியே பொழுது சாய்ந்து காற்று ஆறத் தொடங்கிவிடும்.

சூரியன் போகும் வழியையும் கவனி. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் திருச்சியில் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். பிறகு சற்று வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுபடி தலைக்கு மேல் வரும். ஆகவே கோடை முழுதும் நமக்கு முதல் எதிரி கூரையில் விழும் வெயில். அடுத்தது மாலை வெயில் விழும் மேற்குச் சுவர். அதனால்தான் அந்த வீட்டில் மேற்கே வராந்தா வைத்தார்கள். இடம் போதவில்லை என்று அந்த வராந்தாவை மூடி அறையாக்க உன் வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து காற்று எழும், ஆடியில் அது அம்மியையே புரட்டும். அந்தக் காற்று எந்த ஜன்னல் வழியே நுழைந்து எந்தக் கதவு வழியே வெளியேறுகிறது என்று அங்கே இருந்தால்தான் தெரியும்.

இனி கூரை. அதைப் பற்றி நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதை இறக்கச் சொல்லித்தான் எல்லாரும் வற்புறுத்துவார்கள். கூடத்தில் மல்லாந்து படுத்து மேலே பார். ஒன்றரை இரண்டு அடிக்கு ஒன்றாகத் தேக்கு உத்தரங்கள். அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னச் செங்கல், சாதாரணச் செங்கலைவிட மிக மெல்லியது, ஒரு அங்குலக் கனம்தான். அவற்றைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து, சுவருக்குக் கோணலாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் கோத்திருப்பார்கள். அடியில் பலகை கிடையாது. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பற்றிக்கொண்டு நிற்கும். கொத்தனாரின் கைவேகமும் காரையின் பிடிப்பும்தான் அதன் ரகசியம். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கட்டை பட்டால் துள்ளித் திரும்பும் பதம் வரும்வரை அடி ஓயாது. அதற்கும் மேலே தட்டோடு பதித்து, மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் கொடுப்பார்கள்.

இந்தக் கூரை கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, தட்டோட்டுக்கு நடுவே உள்ள பூச்சு விட்டுப்போய்த் தண்ணீர் இறங்குவது. இரண்டு, மழைநீர்க் குழாயில் சருகு அடைத்துத் தண்ணீர் நிற்பது, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து வேர் விடுவது. மூன்று, சுவருக்குள் புகுந்திருக்கும் உத்தரத்தின் முனை. வெளியே தெரியும் மரம் இரும்பாக இருக்கும். சுவருக்குள் காற்றுப்படாமல் ஈரத்தில் கிடக்கும் ஒரு முழம் மட்டும் உளுத்திருக்கும், அல்லது கறையான் தின்றிருக்கும். ஆசாரியை ஏணி போட்டு ஏற்றி, ஒவ்வொரு உத்தரத்தையும் சுவரை ஒட்டிய இடத்தில் சுத்தியலால் தட்டச் சொல். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கெட்டது பொத்தென்று அடங்கும். சந்தேகமான இடத்தில் கூர்மையான ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பார்த்தால் எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, கெட்ட முனையை மட்டும் வெட்டி, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கிவிடலாம். ஒரு உத்தரம் முழுதும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

மேலே ஒழுகுகிறது என்று சொன்னவுடன், அதன் மேலேயே மூன்று அங்குல கான்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்பார்கள். வேண்டவே வேண்டாம். உத்தரங்களுக்குப் பல டன் பாரம் கூடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்துக்கே திரும்பும். தட்டோட்டைப் பெயர்த்து, தளர்ந்த ஜல்லியை எடுத்து, புதிதாகச் சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்து, தட்டோடு பதித்து, வாட்டம் பார்த்தால் ஒழுகல் நிற்கும். கோடை பிறக்கும் முன் வருடா வருடம் மொட்டை மாடிக்கு வெள்ளை அடி. வெளுத்த பரப்பு வெயிலில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். இன்று கூல் ரூஃப் என்று விலைக்கு விற்பதன் அடிப்படை இதுதான். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை.

சுவருக்கு வருவோம். அந்தக் காலத்து வீடுகளில் பலவற்றில் தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஓதம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், மண்பானை கசிந்து ஆறுவதைப் போல. அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபடும். அது சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். நீ அனுப்பிய படத்தில் சாப்பாட்டு அறைச் சுவர் மூன்றடி உயரம் வரை சிமென்ட், அதற்கு மேல்தான் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. காரணம் அந்த மூன்றடி சிமென்ட். அதைக் கொத்தி எடு. வெளியே தோட்ட மண் அடித்தள மட்டத்துக்கு மேலே குவிந்திருக்கிறது, அதை இறக்கி, சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்காமல் சின்னக் கால்வாய் விடு. ஒரு பருவம் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. நிறம் வேண்டுமென்றால் மண் காவியும் பச்சையும் கலந்துகொள்ளலாம். சுண்ணாம்பை எரிக்கவும் எரிபொருள் வேண்டும்தான், ஆனால் 900 டிகிரி அளவில் வெந்துவிடும். எரியும்போது விட்ட கரியமில வாயுவில் நல்ல பங்கை, சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

தரையைத் தொடாதே. தேய்த்துத் தேய்த்து மெருகேறிய அந்தச் சிவப்புத் தரையில் வெறுங்காலோடு நடக்கும் குளிர்ச்சி விலைக்கு வராது. வெடித்த இடங்களை அதே நிறத்தில் அடைத்து மெழுகு போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். முழுதும் பாழான ஒரே ஒரு அறைக்கு வேண்டுமானால் ஆத்தங்குடிக் கல் வாங்கு. கண்ணாடி மேல் நிறச் சாந்தை ஊற்றி, சிமென்டும் உள்ளூர் மணலும் வைத்துக் கையால் செய்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே பதப்படுத்துவது அது. திருச்சிக்குப் பக்கம்தான்.

ஃபால்ஸ் சீலிங்கைக் கைவிடு. கூரைக்குக் கீழே, சுவரின் உச்சியில் இருக்கும் சின்ன ஜன்னல்களைப் பார்த்திருப்பாய். சூடான காற்று மேலே எழுந்து அவற்றின் வழியே போகும், அந்த இடத்துக்குக் கீழ் ஜன்னல் வழியே புதுக் காற்று வரும். பதினான்கு அடி உயரம் வைத்தது இதற்காகத்தான். உன் வீட்டில் அந்த வென்டிலேட்டர்கள் எல்லாம் அட்டை வைத்து அடைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் திறந்து, புறா நுழையாமல் கொசுவலைக் கம்பி அடி. கயிறு இழுத்தால் திறந்து மூடும் பழைய பித்தளைக் கொக்கிகள் இருந்தால் எண்ணெய் விட்டு ஓடவை. பகல் பத்து மணிக்கு மேல் மேற்கு ஜன்னல்களைச் சாத்தி, ராத்திரியில் எல்லாவற்றையும் திறந்துபோடும் பழக்கத்தை வீட்டார் அனைவரும் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வீட்டோடு சேர்ந்து நாமும் கொஞ்சம் வேலை செய்தால்தான் அது பலன் தரும்.

பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்கிறேன் என நினைத்துவிடாதே. தயங்காமல் மாற்ற வேண்டியவை உண்டு. முதலாவது வயரிங். மரப்பட்டைக்குள் ஓடும் ரப்பர் உறை ஒயர்கள் காய்ந்து நொறுங்கும் வயதில் இருக்கின்றன. ஒரு அடிகூட விடாமல் மாற்றி, முறையாக எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி வை. இரண்டாவது, பழைய பெயிண்ட். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் என்று கட்டுப்படுத்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கதவு ஜன்னல்களில் அதற்கு முந்தைய பூச்சுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், வேலை செய்கிறவர்களுக்கு முகக்கவசம் கொடுக்க வேண்டும், அந்த நாள்களில் உன் மகன் அங்கே இருக்கக் கூடாது. மூன்றாவது, பின்கட்டில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். அறுக்கவோ துளைக்கவோ விடாதே.

தண்ணீருக்கு அந்த வீடு தரும் வாய்ப்பு பெரிது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல வீடுகளில் அது பெயருக்கு ஒரு குழாயாக நிற்கிறது. உன் இரண்டாயிரம் சதுர அடிக் கூரையில், வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால்கூட, கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் லிட்டர் விழுகிறது. சேதாரம் போக ஒன்றேகால் லட்சம் லிட்டர் பிடிக்கலாம். முதல் மழையின் அழுக்கைத் தனியே ஒதுக்கிவிட்டு, கூழாங்கல், கரி, மணல் அடுக்கிய தொட்டி வழியே வடிகட்டி, கிணற்றில் விடு. அந்தக் கிணற்றைத் தூர் வாரு, குப்பை போட்டு மூடிவிடாதே. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நகரமே ஓடியதை நீ பார்த்திருக்கிறாய். குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் கல்வாழையும் வாழையும் நட்ட பாத்திக்குத் திருப்பு. சமையலறைத் தண்ணீருக்கு எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்க ஒரு சின்னத் தொட்டி வேண்டும். கார் நிறுத்தும் இடத்துக்கு சிமென்ட் தளம் போடாதே, கற்களைப் பதித்து இடைவெளியில் புல் வளரவிடு. மேற்கே நிற்கும் வேம்பின் கிளையைக்கூட வெட்டாதே.

இனி புதிதாகச் சேர்க்க வேண்டியவை. குளியலறையும் கழிப்பறையும் வீட்டோடு ஒட்டி வேண்டும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரியில் புழக்கடை வரை நடக்க முடியாது. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் எல்லாம் அவசியம். ஆனால் மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு அடியிலோ மேலேயோ தண்ணீர் புழங்கும் அறை கூடாது. ஒரு குழாய் கசிந்தாலும் உத்தரம் போய்விடும். பின்கட்டில் கான்கிரீட் அறை இருக்கும் பக்கமாகத் தனியே கட்டு. அங்கே லாரி பேக்கரின் முறைகளைப் பயன்படுத்திக்கொள். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் குடியேறி, 2007இல் மறையும்வரை எளிய மனிதர்களுக்குச் சிக்கனமாகவும் அழகாகவும் கட்டிக் கொடுத்தவர் அவர். செங்கலை ஒருக்களித்து நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டில் கால் பங்கு செங்கல் மிச்சமாகும், அந்த வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். தளத்துக்கு அவர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. ஆகவே கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்துவிட்டுக் கான்கிரீட்டைக் குறைக்கலாம். உன் பழைய மாட்டுக் கொட்டகையில் கிடக்கும் ஓடுகள் அதற்குப் போதும்.

மின்சாரத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதலில் செலவைக் குறை, பிறகு உற்பத்தி செய். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடிவிடும். எட்டு ஃபேன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மிச்சமாவது நான்கு யூனிட்டுக்கு மேல். ஒரு கிலோவாட் சோலார் நாள் முழுக்க வெயிலில் நின்று தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஏசி வேண்டுமென்றால் அளவில் சின்னதான ஒரு படுக்கையறைக்கு மட்டும், இடுக்குகளை அடைத்து, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் வகையாக வாங்கி, 26 டிகிரியில் ஃபேனோடு சேர்த்து ஓடவிடு. அதற்குப் பிறகு 3 கிலோவாட் சோலார் உன் வீட்டுக்குத் தாராளம். முந்நூறு சதுர அடி இடம் போதும், நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் கிடைக்கும். 2024இல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் இந்த அளவுக்கு ரூ. 78,000 மானியம் அறிவித்தார்கள், விண்ணப்பிக்கும்போது நடப்பு விதியைப் பார்த்துக்கொள். பேனலின் கால்கள் உத்தரங்களுக்கு நடுவே உட்காரக் கூடாது. சுவர் போகும் கோட்டின் மேல் நிற்க வேண்டும், ஆடிக் காற்று தூக்காதபடி பிடிப்பு வேண்டும். இன்னொன்று: ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். தண்ணீர்த் தொட்டியைக் கூரையில் வைக்காமல் தனித் தூண்கள் மேல் வை.

இதையெல்லாம் யார் செய்வார்கள் என்று கேட்பாய். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. செட்டிநாட்டிலும், கோயில் திருப்பணிகளிலும் தேடினால் கிடைப்பார்கள். புதுச்சேரிக்கு ஒருமுறை போய்வா. அங்கே இன்டாக் அமைப்பின் முயற்சியில் வைசியாள் தெருவின் சாதாரணத் தமிழ் வீடுகளின் முகப்பு மீட்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. அரண்மனையாக இருந்தால்தான் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை என்பதற்கு அந்தத் தெரு சாட்சி. மரம் தேவைப்பட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் தேக்குக் கதவும் தூணும் உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டை இடித்து வந்தது என்பதை மனதில் வைத்து, அளவோடு வாங்கு.

பணம் ஒரேயடியாக வேண்டியதில்லை. முதல் வருடம் கூரையும் வடிகாலும் வயரிங்கும். இவை மூன்றும் தள்ளிப்போட முடியாதவை. சுவர் காய்ந்தபின் இரண்டாம் வருடம் பூச்சும் ஜன்னல்களும் பின்கட்டுக் குளியலறையும். சோலார் மூன்றாம் வருடம், அதற்குள் உன் உண்மையான மின்செலவு தெரிந்திருக்கும். கூரை வேலையை ஆனியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். சுண்ணாம்பு மெதுவாக இறுகும், அதை அவசரப்படுத்த முடியாது. நாள் தள்ளிப்போகிறது என்று யாராவது அதில் சிமென்ட் கலக்க வந்தால் நின்று தடுத்துவிடு. கான்ட்ராக்டரின் ஒப்பந்தத்தில் எந்தப் பொருள், எந்த விகிதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு மேஸ்திரியை அமர்த்தும்போது, அவரோடு இரண்டு இளம் கொத்தனார்களையும் சேர்த்துக்கொள், அவர்களுக்கும் முழுக் கூலி கொடு. காரையை எத்தனை நாள் ஊறவைப்பது, கட்டை எப்போது துள்ளும் என்பதெல்லாம் புத்தகத்தில் கற்க முடியாதவை, பெரியவர் கையைப் பார்த்துத்தான் வரும். உன் கூரை முடியும்போது திருச்சியில் மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூடியிருப்பார்கள். அடுத்த தெருவில் யாராவது, இதையெல்லாம் பழுது பார்க்க இப்போது ஆள் ஏது என்று வீட்டை இடிக்கப் போகும்போது, அவர்களுடைய போன் நம்பரை நீ கொடுக்கலாம்.

சித்திரையில் வீட்டுக்கு வந்ததும் எழுது. ஆசாரியோடு ஏணி போடும் நாளில் நானும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா